கொக்குச் சின்னமும் வெளிநாட்டுச் சதியும்

ஏதோவொரு வெளிநாட்டுச் சக்தி என்னைப் பிரதேச சபைத் தேர்தலில் நிறுத்திவிட்டது என்று நான் நம்பினேன். பகிடிக்கில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் நம்பத் தொடங்கி, திங்கட்கிழமை காலை வரைக்கும் உடம்பெல்லாம் வேர்க்க நம்பினேன். எந்த நாடு என்பதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

இந்தளவுக்கு நம்புவதற்கு நிறையப் படித்திருக்கவேண்டும். நான் படித்துக்கொண்டிருந்தேன். தலை நரைத்த பிறகு முதுமாணிப் படிப்புக்குப் போனவன் நான். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லோரும் விரிவுரையாளர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். நான் மரியாதையை ஏற்றுக்கொண்டு, தலையை ஆட்டி, நேரே போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவர்களுக்கு நான் 'அண்ணன்'. மனதுக்குள் என்னவென்று கூப்பிட்டார்களோ தெரியாது.

இணையம், ஊடகம், அரசியல் என்பது பாடம். எங்கள் மாவட்டத்தில் உள்ளூராட்சித் தேர்தலில் நிற்பவர்கள் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் எப்படிப் பாவிக்கிறார்கள், ஒரு பொய்ச்செய்தி எங்கே பிறந்து எந்த வழியாகப் போகிறது என்பது என் ஆய்வு. அதற்கு எல்லாப் பக்கத்து வேட்பாளர்களிடமும் செவ்வி எடுக்கவேண்டும். என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. என்னைவிட வயதில் குறைந்தவர், கண்டிப்பில் கூடியவர். "நீங்கள் ஒருத்தற்ற பக்கமும் சாயக்கூடாது. ஒரு கட்சிக் கொடியைத் தொட்டாலும் உங்கட ஆய்வு அவ்வளவுதான். விளங்குதோ?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். படிப்பை முடிக்க அவர் எனக்குப் பெற்றுத்தந்திருந்த கால நீடிப்புத்தான் கடைசி. அதுவும் கைநழுவினால் ஆய்வேடு இல்லை, பட்டம் இல்லை. "இந்த வயசில என்ன படிப்பு" என்று கேட்ட என் மனைவியின் சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் நான் பிடித்த வீம்பும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் குழுவாக விளக்கமளிக்க வேண்டியிருந்தது. நான் தன்னாமுனை வீட்டில் அதிகாலையிலேயே எழும்பி, வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் வெல்லாவெளியிலிருந்து அழைப்பு வந்தது. மனைவியின் சீதனக் காணி அங்கேதான். நெல் வெட்டு மெசின்காரன் கதைத்தான்.

"அண்ணன், மெசின் இப்ப உங்கட வரம்புல நிக்கிது. வாறீங்களா, இல்லாட்டி அடுத்த ஆள்ட காணிக்கு இறக்கவா?"

வேளாண்மை, அதாவது நெற்பயிர், விளைந்து சாயத் தொடங்கியிருந்தது. வெட்டு மெசின் ஒருமுறை போனால் பிறகு கோயில் தேர் மாதிரி, எப்போது திரும்பி வரும் என்று சொல்லமுடியாது. மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

வயலுக்குப் போய்ச் சேர்ந்ததும் காற்சட்டையைக் கழற்றிக் காவல் குடிசையான வாடியில் தொங்கவிட்டு, அங்கே கிடந்த சாரத்தைக் கட்டிக்கொண்டேன். மேலே விரிவுரை மண்டபம், கீழே வெல்லாவெளி. உடம்பெல்லாம் நெற்சுணை. அந்த நேரம் பார்த்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்துச் செய்தி: "அண்ணன் எங்க நிக்கிறீங்க?" சுணை பட்டுக் கை அரித்துக்கொண்டிருந்ததால் எழுத்துத் தட்ட முடியவில்லை. வாயால் சொல்லச் சொல்லத் தானாக எழுதும் வசதி போனில் இருக்கிறது. மைக்கை அமத்திப் பிடித்துக்கொண்டு, மெசின் சத்தத்துக்கு மேலால் கத்தினேன்:

"நான் வெல்லாவெளி வட்டையில நிக்கிறன். இந்தமுறை என்னக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க. உங்களத்தான் நம்பியிருக்கிறன்."

வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் பரந்த வயல்வெளி. நான் வயலுக்குள் நிற்கிறேன், இன்றைக்கு என் பங்கையும் நீங்கள் பேசிச் சமாளியுங்கள் என்பது பொருள். முன்னும் நான் சில சாட்டுகள் சொல்லியிருந்ததால் நம்பமாட்டார்கள் என்று பயந்து, மெசின் சாரதியிடம் போனைக் கொடுத்து ஒரு படமும் எடுப்பித்து அனுப்பினேன். முகத்தில் வெயில் அடிக்க, வலது கையை உயர்த்தி மறைத்தேன். அதற்குள் 'கிளிக்'. அதோடு போன் சார்ஜ் இறங்கிச் செத்துப்போனது.

பின்னேரம் வெட்டி முடித்து, நெல்லை ஏற்றிவிட்டு வரும் வழியில் பாலத்தடியில் தேநீர்க் கடையொன்றில் இறங்கினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உடம்பில் ஒட்டியிருந்த சுணையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"நிக்கிறீங்களாம்?" என்றார்.

"ஓம், விடியத்திலிருந்து நிக்கிறன். கால் உளையிது."

"எந்தப் பக்கம்?"

"மேற்குப் பக்கம். வாய்க்காலுக்கு அங்கால."

அவர் யோசித்தார். பக்கத்து வாங்கில் இருந்தவர் கிளாசைக் கீழே வைத்தார். "தனியாவா?"

"வேற ஆரு வருவா? மனுசியே வரல்ல."

"அப்ப சுயேச்சதான்" என்று ஒருவருக்கொருவர் ஏதோ முணுமுணுத்தார்கள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "மத்தாக்களெல்லாம் பெரிய ஆக்கள் எலுவா, சமாளிப்பீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். பக்கத்துக் காணிக்காரரைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாத்தையும் வெட்டிப்போட்டுத்தான் வாறன்."

பக்கத்து வாங்குக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். காசு நீட்டினேன், கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்க மாட்டேன் என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கேற்றடியில் மனைவி நின்றாள்.

"எந்தக் கட்சி?" என்றாள்.

"என்ன கட்சி?"

"இஞ்சேருங்க, எனக்கிட்ட ஒரு வார்த்த கேக்கணுமெண்டு தோணல்லையா? உங்கட தங்கச்சி வாழைச்சேனையில இருந்து கோல் எடுத்து, தன்ட மகனுக்கு ஒரு வேல எடுத்துக் குடுக்கட்டாம். வெல்லுறதுக்கு முன்னமே சொல்லி வைக்கிறாவாம். வீட்டுல கோழிக்கூட்டுக் கதவு கட்டத் தெரியாத மனுசன் ரோட்டுப் போடப்போறாராம்!"

தன் போனை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். என் படம். வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரம், உயர்த்திய வலது கை, வெயிலுக்குச் சுருக்கிய முகம் ஏதோ புன்னகை மாதிரி. சரியாகச் சொன்னால், தலைவன். மெசின் பின்னால் பூச்சி பொறுக்க வந்த கொக்கொன்று என் தோளுக்கு மேலே நின்றது. யாரோ அந்தக் கொக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு 'சின்னம்: கொக்கு' என்று எழுதியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள்:

"நான் வெல்லாவெளி வட்டாரத்தில் நிற்கிறேன். இந்தமுறை என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்."

வேட்புமனுவுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன, ஆகவே யாரும் நம்பக்கூடிய பொய். படம் என்னுடையது, சொல் என்னுடையதில்லை. வட்டாரம் என்றால் பிரதேச சபைக்கு ஆள் தெரியும் தேர்தல் தொகுதி. அந்தச் சொல்லையே நான் அன்று வாயில் எடுக்கவில்லை. யாரோ என் படத்தைக் களவெடுத்து, சொல்லைப் புனைந்து, என் ஆய்வைக் கொல்லப் பார்க்கிறார்கள்!

வாசித்த கட்டுரைகள் அத்தனையும் அந்த நிமிடத்தில் தலைக்குள் எழும்பி நின்றன. போலிக் கணக்குகள், கூலிப் பட்டாளங்கள், திட்டமிட்ட பொய்ப் பரப்பல்கள். மனைவியை உட்காரவைத்து விளக்கினேன்.

"புள்ள, இந்த வசனத்த வடிவாப் பாரு. 'நிற்கிறேன்' எண்டு கிடக்கு. இஞ்ச எந்த மனுசனாவது 'நிற்கிறேன்' எண்டு சொல்லுவானா? 'நிக்கிறன்' எண்டுதானே சொல்லுவான்? 'நம்பியிருக்கிறேன்.' ஆருகா இப்படிக் கதைக்கிற? இது இந்தியத் தமிழ். இத எழுதினவன் இந்த ஊரானில்ல, இந்த நாட்டானுமில்ல."

"அப்ப ஆரு?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும். இது பெரிய இடத்து வேல."

"பெரிய இடத்துல இருக்கிறாக்களுக்கு உங்கள வெல்லாவெளி வட்டாரத்தில நிப்பாட்டுறதுதான் வேலையா?"

"என்ட ஆய்வுல அவங்களுக்குப் பயம்."

"உங்கட ஆய்வு முடியுமா எண்டு எனக்கே பயம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

நான் பாதுகாப்பு நடவடிக்கைகளில் இறங்கினேன். முதலில் போனைச் சார்ஜ் போட்டு, யாரும் உள்ளே நுழைந்து பார்க்கக் கூடாதென்று வாட்ஸ்அப்பை அடியோடு அழித்தேன். அதாவது, என்னிடமிருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அப்புறப்படுத்தினேன். அதன்பின் போனைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் புதைத்தேன். போன் ஒட்டுக்கேட்கப்பட்டால் எதற்குள்ளோ வைக்கவேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். எதற்குள் என்பது மறந்துபோனது.

இரவுச் சோற்றுக்கு அரிசி அள்ளப்போன மனைவி போனோடு வந்தாள். "இது நனைஞ்சிட்டா?"

"இல்ல. ஒட்டுக்கேக்கிறாங்க."

அவள் போனில் ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டு, "ஆருகா கேக்கிறது? இவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்று போனுக்குள் சொல்லி என் மடியில் வைத்தாள்.

படுக்கப்போகும் முன் முகநூலில் ஒரு மறுப்பு எழுதினேன். மேற்பார்வையாளருக்குப் பிடித்த மாதிரி, நிதானமாக, நடுநிலையாக: 'நான் எந்தக் கட்சியையும் சார்ந்தவன் அல்லன். எனக்குப் பதவி ஆசை இல்லை. பொய்ச்செய்திகளை நம்பாதீர்கள். உண்மை ஒருநாள் வெளிவரும்.'

விடிந்ததும் பார்த்தேன். மறுப்புக்குக் கீழே மாலையும் கும்பிட்ட கைகளுமாகக் குவிந்திருந்தது. 'கட்சி சாராத நேர்மையான தலைவர்.' 'பதவி ஆசை இல்லாதவருக்கே பதவி.' என் மச்சான்காரன், 'தேர்தல் அறிக்கை சுருக்கமாக, அருமையாக உள்ளது' என்று எழுதியிருந்தான். பொய்ச்செய்தியை மறுத்தால் அது இன்னும் கூடப் பரவும் என்று என் ஆய்வு முன்மொழிவில் நானே ஒரு பந்தி எழுதியிருக்கிறேன். நல்ல பந்தி. எழுதியவன் வாசித்திருக்கலாம்.

அதோடு மேற்பார்வையாளரின் மின்னஞ்சல் ஒன்றும் வந்திருந்தது. இரண்டே வரி. 'நீங்கள் வேட்பாளர் என்று அறிந்தேன். நாளை காலை என் அறைக்கு வரவும்.' அவர் ஆச்சரியக்குறி போடுகிறவரில்லை. போட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசைக்குப் போனேன். வழக்கமாகக் கடைசி வரிசையில் தூங்குகிற என்னை முன்வரிசைக்கு நகர்த்தினார்கள். தூங்கக்கூட முடியவில்லை.

அன்று பின்னேரம் வீட்டு வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. வந்துவிட்டார்கள் என்று பின்கதவைப் பார்த்தேன். பின்கதவில் மனைவி துணி காயப்போட்டிருந்தாள். இறங்கியவர் வெல்லாவெளிப் பக்கத்தில் நிற்கப்போகும் வேட்பாளர். செவ்விக்காக நான் ஒரு மாதமாக அழைத்து, ஒருமுறைகூட எடுக்காத மனிதர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கற் பெட்டியும்.

கதிரையில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, "அண்ணன், எனக்கு விளங்கிட்டு" என்றார்.

"என்ன விளங்கிட்டு?"

"நீங்க எத்தின தரம் எனக்கு எடுத்தீங்க. நான் எடுக்கல்ல. பிழைதான். அந்தக் கோவத்திலதானே நிக்கிறீங்க?"

"ஐயோ தம்பி, நான் நிக்கல்ல."

"மறுகா என்னத்துக்குக் கொக்கு?"

"அது சும்மா வந்து நிண்ட கொக்கு!"

"கொக்குச் சும்மா வந்து நிக்காதண்ணன்" என்றார் அவர் கவலையோடு. "பாலத்தடிக் கடையில எல்லாரையும் வெட்டிப்போட்டுத்தான் வாறனெண்டு சொல்லியிருக்கிறீங்க. எங்கட வீட்டுல பொம்புளையாக்கள் ராவெல்லாம் தூங்கல்ல."

"அது வேளாண்ம தம்பி! வேளாண்ம வெட்டினதச் சொன்னன்!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க படிச்ச ஆள். நான் ஒண்டும் கதைக்கல்ல. உங்கட கேள்வியக் கேளுங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்லுறன். நிக்கிறதும் நிக்காததும் உங்கட மனச்சாட்சி."

இன்னுமொரு முறை, மனைவியையும் சாட்சிக்கு அழைத்து, நான் நிற்கவில்லை என்று சொன்னேன். "இவரா? இவர் கியூவிலகூட நிக்கமாட்டார்" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டு, நம்பாமல், பதில் சொல்லத் தொடங்கினார். பொழுதுபடும் வரைக்கும் சொன்னார். யார் யாருக்கு எத்தனை குழுக்கள், எந்தப் படத்தை யார் செய்துகொடுப்பது, எந்த வதந்தியைத் தானே கிளப்பிவிட்டுத் தானே மறுத்தது என்று ஒன்றும் விடவில்லை. என் ஆய்வுக்கு அதுபோல ஒரு செவ்வி அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

கடைசிக் கேள்வியாக, மக்கள் ஏன் பொய்ச்செய்தியை நம்புகிறார்கள் என்று கேட்டேன்.

"ஆருமே ஒரு போனப் போட்டுச் சரியா பிழையா எண்டு கேக்குறதில்லையே அண்ணன்" என்றார். கொக்கைப் பார்த்துப் பயந்து வாழைப்பழத்தோடு அவ்வளவு தூரம் வந்தவரும், அரிசிக்குள் போனைப் புதைத்தவனும், இந்தச் சனங்களை நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டோம்.

ராத்திரி நான் ஒரு பெரிய வரைபடம் கீறினேன். யாரிடமிருந்து யாருக்கு அந்தப் படம் போனது என்று மனைவியின் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்து, அம்புக்குறிகள் போட்டேன். எல்லா அம்புக்குறியும் பின்னோக்கிப் போய் எங்கள் வகுப்புக் குழுவில் முடிந்தது. அதற்கும் பின்னால் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, 'அடையாளம் தெரியாத வெளிநாட்டு மூலம்' என்று எழுதினேன். திங்கள் காலை அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரின் அறைக்குப் போனேன்.

அவர் வரைபடத்தை மேசையில் விரித்துப் பொறுமையாகப் பார்த்தார். சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஆர்?"

"அதுதான் மெடம் தெரியா. மொழியப் பாத்தா இந்தியத் தமிழ். ஒரு அரசாங்கமே பின்னால இருக்கலாம்."

"உங்கட வகுப்புக் குழுவில நானும் இருக்கிறன்" என்றார். தன் போனை எடுத்து, மேலே தள்ளி, மேசையில் வைத்தார். சனிக்கிழமைச் செய்தி. அனுப்பியவர் பெயருக்கு நேரே என் பெயர். என் படம். அதே 'வட்டாரத்தில் நிற்கிறேன்.' அதற்குக் கீழே, வகுப்புப் பிள்ளை ஒன்று பகிடிக்குக் கொக்கைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பிய படம்.

"இது நான் சொல்லல்ல மெடம்" என்றேன்.

"அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்? அண்டைக்குச் சொன்ன மாதிரியே இப்ப உங்கட போனுக்குச் சொல்லுங்கோ."

மைக்கை அமத்தினேன். "நான் வெல்லாவெளி வட்டையில நிக்கிறன்" என்றேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: நான் வெல்லாவெளி வட்டாரத்தில் நிற்கிறேன்.

திரும்பவும் சொன்னேன், கொஞ்சம் கோபமாக. வட்டாரத்தில். "வட்டை! வட்டை!" என்று கத்தினேன். வட்டாரம் வட்டாரம். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மேற்பார்வையாளர் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தார். தோள் குலுங்கியது. திரும்பி, "வட்டை எண்டால் என்ன?" என்று கேட்டார்.

"வயல், மெடம்."

"வயலெண்டு சொல்லியிருக்கலாமே."

"நாங்க வட்டையெண்டுதான் சொல்லுற."

வரைபடத்தில் 'அடையாளம் தெரியாத வெளிநாட்டு மூலம்' என்றதை அவரே பேனாவால் வெட்டி, என் பெயரை எழுதினார். இந்த முழுக் கூத்தையும், அந்தச் செவ்வி எப்படிக் கிடைத்தது என்பதையும், ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் ஒன்றும் மறைக்காமல் எழுதவேண்டும் என்றார். எழுதினால் ஆய்வைத் தொடரலாம். எழுதினேன். வேட்பாளரையும் அழைத்து நடந்ததைச் சொன்னேன். "நல்லம் அண்ணன், வாபஸ் வாங்கிட்டீங்க" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். நான் வட்டை என்றேன். போன் வட்டாரம் என்று எழுதியது. என் மூக்குக்கண்ணாடி காற்சட்டைப் பையில் இருந்தது, காற்சட்டை வாடியில் தொங்கியது. வாசித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.